காரில்லாத தீவு, கால்வாய்க் கரை, உடைமுள்: சைக்கிள் கேள்வி–பதில்

கேள்வி: ஜூலையில் மகள் வீட்டுக்கு டொராண்டோ போகிறேன். அங்கே ஏரிக்குள் ஒரு தீவுப் பூங்கா இருக்கிறதாம், கார் கிடையாதாம். "சைக்கிளில் சுற்றிவரலாம் அத்தை" என்று மாப்பிள்ளை ஆசை காட்டுகிறார். எனக்கு 56 வயது. லேடீஸ் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தவள்தான், ஆனால் விட்டு இருபது வருஷமாகிறது. முடியுமா? எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாராளமாக முடியும். அந்தத் தீவில் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் 5 கி.மீ.தான். "சுற்றிவருவது" என்று மாப்பிள்ளை சொன்னதை மட்டும் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். அது பிரகாரம் மாதிரி வட்டமாகச் சுற்றும் பாதை அல்ல. கிழக்கு முனைக்கும் மேற்கு முனைக்கும் நடுவே போய்த் திரும்புவது. (நிஜமாகவே வட்டமடிக்க வேண்டுமானால் அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள மாக்கினா தீவுக்குப் போக வேண்டும். 1898 முதல் மோட்டார் வண்டிக்குத் தடை. கரையோரமாகவே ஓடும் சுற்றுச்சாலை 13 கி.மீ.) டொராண்டோத் தீவு ஒரு காலத்தில் கரையோடு ஒட்டிய மணல்திட்டு. 1858-இல் வந்த புயல் அதை அறுத்துத் தீவாக்கியது. மணல்திட்டு என்பதால்தான் அவ்வளவு சமதளம்.

பே தெருவின் தென்கோடியில் உள்ள ஜாக் லேட்டன் படகுத்துறையில் ஏற வேண்டும். கால் மணி நேரப் பயணம். டிக்கெட் போகும்போது மட்டும்தான், திரும்பும்போது யாரும் கேட்க மாட்டார்கள். படகு மூன்று இடங்களுக்குப் போகும்: கிழக்கே வார்ட்ஸ் ஐலண்ட், நடுவில் சென்டர் ஐலண்ட், மேற்கே ஹான்லன்ஸ் பாயின்ட். வாடகைச் சைக்கிள் வேண்டுமானால் சென்டர் ஐலண்ட் படகில் ஏறுங்கள். இறங்கி, பாலம் தாண்டி, பூந்தோட்டம் வழியாகப் பத்துப் பதினைந்து நிமிடம் தெற்கே நடந்தால் ஏரிப் பக்கத்தில் வாடகைக் கடை. மணிக்கணக்கில் தருவார்கள். இருவர் மிதிக்கும் சைக்கிளும், நாலு சக்கரம் வைத்துக் குடும்பமே உட்கார்ந்து மிதிக்கும் வண்டியும் உண்டு. நாலு சக்கரத்தில் விழ மாட்டீர்கள் என்பது உண்மை. ஆனால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மிதித்தால் எருமை இழுத்த மாதிரி கனக்கும். அரை மணிக்கு மேல் வேண்டாம். மகள் வீட்டிலிருந்தே சைக்கிள் கொண்டுபோவதானால் வார்ட்ஸ் ஐலண்ட் படகே நல்லது. கூட்டம் நெரியும் நாளில் சென்டர் ஐலண்ட் படகில் சைக்கிளை ஏற்ற மறுப்பதுண்டு.

இனி, இங்கிருந்து போகிறவர்கள் வழக்கமாகத் தடுக்கிவிழும் மூன்று இடங்கள்.

முதலாவது பிரேக். நம் ஊர்ச் சைக்கிளில் பெரும்பாலும் வலக்கைப் பிடி முன்சக்கரத்துக்கு, இடக்கைப் பிடி பின்சக்கரத்துக்கு. அங்கே நேர்மாறு. அவசரத்தில் பழகிய கை இடப்பக்கத்தை இறுக்கினால் முன்சக்கரம் சட்டென்று நின்று ஆளைத் தூக்கும். இன்னொரு வகையும் உண்டு: ஹேண்டில்பாரில் பிரேக் பிடியே இருக்காது, பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் நிற்கும். நாம் சும்மா இருக்கும்போது பெடலைப் பின்னால் சுழற்றுவோமே, அந்தப் பழக்கத்தில் நடுவழியில் கிறீச்சென்று நின்றுவிடும். கடையை விட்டு நகரும் முன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு பிடியாக அழுத்தி எந்தச் சக்கரம் நிற்கிறது என்று பாருங்கள். பிடி இல்லாவிட்டால் ஏறி, பத்தடி உருட்டி, பின்னால் மிதித்துப் பாருங்கள்.

இரண்டாவது, அங்கே வலப்பக்கம்தான் போக வேண்டும். காலியான பாதையில் நினைவிருக்கும். எதிரே ஆள் வரும்போதுதான் கை தானாக இடப்பக்கம் ஒடிக்கும்.

மூன்றாவது, கார் கிடையாது என்றால் வண்டியே கிடையாது என்று பொருளில்லை. குப்பை வண்டி, பராமரிப்பு வண்டி ஓடும். கிழக்கு முனையில் சுமார் 260 வீடுகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், அவர்களுக்குச் சாமான் வர வேண்டுமே.

பார்க்க வேண்டியவை: மேற்குப் பக்கம் போகும் வழியில் 1808-இல் எழுப்பிய ஜிப்ரால்டர் பாயின்ட் கலங்கரை விளக்கம், கிழக்கே அந்தக் குடியிருப்பின் சின்னச் சின்னத் தோட்டங்கள், வடகரையில் எங்கே நின்றாலும் தண்ணீருக்கு அப்பால் நகரத்தின் கோபுரங்கள். மேற்கு முனையில் ஹான்லன்ஸ் பாயின்ட் கடற்கரையின் ஒரு பகுதியில் உடை கட்டாயமில்லை. நகராட்சி அனுமதித்தது, யாரும் தவறாக எண்ணுவதில்லை. மாப்பிள்ளையோடு போகிறவர் முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது இரண்டு பேருக்கும் நல்லது.

புறப்படும் முன் இங்கே இரண்டு வாரம் பழகுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிளை வாங்கி, இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படும் அளவுக்குச் சீட்டை இறக்குங்கள். முதல் நாள் பெடலைத் தொட வேண்டாம். காலால் உந்தி உந்தி, இரண்டு காலையும் தூக்கி, மிதந்தாற்போல் போங்கள். பதினைந்து நிமிடத்தில் சமநிலை திரும்பிவிடும். உடம்பு அதை மறப்பதில்லை. மறுநாளிலிருந்து மிதிக்கலாம். பழக்கம் வந்ததும் சீட்டை ஏற்றிவிட வேண்டும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதுதான் அளவு. விழுந்துவிடுவோம் என்று பயந்து சீட்டைக் கடைசிவரை தாழவே வைத்து மிதித்தால் ஒரு மணி நேரத்தில் முட்டி வலிக்கும். வயதானால் முட்டி வலிக்கும் என்று நினைத்துக்கொள்வீர்கள், காரணம் சீட்டாக இருக்கும்.

கேள்வி: சேலையில் சைக்கிள் ஓட்டலாமா?
– அதே வாசகி

பதில்: உங்கள் பழைய லேடீஸ் சைக்கிளில் ஓட்டினீர்கள். அதற்குச் செயின் கவரும், பின்சக்கரத்தில் வலையும் இருந்தன. வாடகைச் சைக்கிளில் அவை இருக்கும் என்று நம்ப வேண்டாம். சுடிதார் போட்டு, வலது கணுக்காலில் ரப்பர் பேண்டோ துணிக் கிளிப்போ மாட்டுங்கள். துப்பட்டாவைக் குறுக்காக இடுப்பில் முடிந்துவிடுங்கள்.

கேள்வி: தீவுக்கெல்லாம் போக நமக்கு வசதியில்லை அண்ணாச்சி. திருநெல்வேலியைச் சுற்றி, கார் லாரித் தொல்லை இல்லாமல், பத்து வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு மெதுவாக ஓட்டிவர இடம் இருக்கிறதா?
– வாசகர், திருநெல்வேலி ஜங்ஷன்

பதில்: வண்டியே நுழையாத பூங்கா நம்மிடம் இல்லை. வண்டி வராத நேரம் இருக்கிறது, வண்டி வராத கரையும் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு மிதிக்கத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுவதாக முதலில் தீர்மானம் செய்துகொள்ளுங்கள். இடத்தைப் பிறகு பார்க்கலாம். ஒன்பதுக்கு மேல் எந்தக் கரையும் சுகமில்லை.

தாமிரபரணியின் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள்தான் நமக்குக் கிடைத்த வரம். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கன்னடியன் கால்வாய், அரியநாயகிபுரத்தில் பிரியும் கோடகன் கால்வாய், பாளையங்கோட்டை வழியாக வரும் பாளையங்கால்வாய், சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாய். கால்வாய் தண்ணீர் தானாக ஓட வேண்டுமே, அதனால் கரை ஏறக்குறைய மட்டமாகவே போகும். பத்து வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல பாதை கிடையாது. ஆனால் கால்வாய் முழுக்க ஓட்டத் தகுந்த கரை இருக்காது. நகரத்துக்குள் ஓடும் பகுதியை விட்டுவிடுங்கள், நாற்றமும் நெரிசலும்தான். ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் வயல் தொடங்கும் இடத்தில் இறங்கி, ஒரு இருநூறு மீட்டர் நடந்து பாருங்கள். டிராக்டர் போன தடம் இரண்டு கோடாகத் தெரிந்தால் சைக்கிள் போகும். ஒற்றையடித் தடம் மட்டும் என்றால் பாதி வழியில் முள் மறித்துக்கொள்ளும். தூர்வாரிய மண்ணைக் கரையில் புதிதாகக் கொட்டியிருந்தால் சக்கரம் புதையும். அந்த வருஷம் அந்தக் கரை வேண்டாம்.

தூரத்தைக் கணக்குப் பண்ணிப் போகாதீர்கள். கரையில் கி.மீ. கல் கிடையாது, பையனுக்குத் தெம்பு எப்போது தீரும் என்றும் தெரியாது. கடிகாரத்தைப் பாருங்கள். நாற்பது நிமிடம் போனதும், எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். மண் கரையில் மணிக்கு எட்டுப் பத்து கி.மீ. போனால் போதும். போய்வர பன்னிரண்டு கி.மீ. போல் வரும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், வாழைப்பழம், கொஞ்சம் கடலை மிட்டாய். அல்வாவைத் திரும்பிவந்து சாப்பிடுங்கள். நெய் வயிற்றில் கனத்தால் மிதிக்க முடியாது.

காலம் எது என்றால், ஜனவரி, பிப்ரவரி. மழை நின்று கரை இறுகியிருக்கும், பிசான நெற்பயிர் பச்சையாக நிற்கும், வெயில் ஏறாது. அறுப்பு தொடங்கிவிட்டால் கரையெல்லாம் அறுப்பு இயந்திரமும் டிராக்டரும்தான். ஊர்ச்சாலையில் வைக்கோலைப் பரப்பியிருப்பார்கள். மெத்தை மாதிரி இருக்கிறதே என்று அதன்மேல் ஓட்டினால் ஒவ்வொரு தாளாகப் பின்சக்கர அச்சில் சுற்றி, ஃப்ரீவீலுக்கும் ஸ்போக்ஸ் கம்பிக்கும் நடுவே இறுகி, பெடல் நின்றுவிடும். கத்தி வைத்து அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் குளங்கள் நிரம்பி மறுகால் பாயும்போது, தண்ணீர் சாலையைக் கடக்கும் இடத்தில் கணுக்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள். தண்ணீர் இழுப்பதைவிட அடியில் படிந்த பாசி வழுக்குவதுதான் ஆளைச் சாய்க்கும்.

கரையில் படித்துறை வந்தால் பெல் அடித்துக்கொண்டு விர்ரென்று போகக் கூடாது. இறங்கி, தள்ளிக்கொண்டு போங்கள். காலை ஆறரைக்கு அங்கே பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். கரை நமக்குப் பூங்கா, அவர்களுக்கு வீட்டுக் கொல்லை. ஆடு வந்தால் நின்றுவிடுவது நல்லது. முதல் ஆடு எந்தப் பக்கம் பாய்கிறதோ மந்தை முழுக்க அந்தப் பக்கம்தான் பாயும், அது நம் பக்கமாகவும் இருக்கலாம்.

பறவை பார்க்கும் ஆசையும் இருந்தால் இரண்டு இடம். ஒன்று திருப்புடைமருதூர். முக்கூடல் பக்கமிருந்தும் வீரவநல்லூர்ப் பக்கமிருந்தும் போகலாம். கடனாநதி தாமிரபரணியில் சேரும் ஊர், நாறும்பூநாதர் கோயில், ஆற்றோரம் மருத மரங்கள். அந்த மரங்களில் கூடுகட்டும் பறவைகளுக்காக 2005-இல் ஊரையொட்டிய இடத்தைப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். சைக்கிளைக் கோயில் பக்கம் நிறுத்திவிட்டு நடந்துதான் பார்க்க வேண்டும். மரத்தடியில் நிறுத்தினால் சீட் வெள்ளையடித்தாற்போல் ஆகிவிடும்.

இன்னொன்று கூந்தன்குளம். 1994 முதல் சரணாலயம், 2022-இல் ராம்சர் எனும் உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. திருநெல்வேலியிலிருந்து சைக்கிளிலேயே போவது பையனுக்குத் தாங்காது. சைக்கிளை வேனில் ஏற்றி மூலைக்கரைப்பட்டி வரை போய், அங்கிருந்து மிதியுங்கள். வழியெல்லாம் தட்டை நிலம், நிழல் குறைவு. டிசம்பருக்குப் பிறகு கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை எல்லாம் குளத்தில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டு வாசல் மரத்திலும் உட்கார்ந்திருக்கும். பறவை கலையும் என்று தீபாவளிக்கு வெடிகூடப் போடாத ஊர் அது. கிறீச்சிடும் பிரேக்கையும் கடகடக்கும் மட்கார்டையும் புறப்படும் முன்பே சரிசெய்துவிடுங்கள்.

நயினார்குளக் கரையைச் சிலர் சொல்வார்கள். தண்ணீர் நிறைந்த நாளில் அழகுதான். ஆனால் காய்கறி மார்க்கெட் லாரிகள் வரும் சாலை. பையனோடு வேண்டாம்.

கேள்வி: எங்கள் பக்கம் எந்தத் தடத்தில் போனாலும் உடைமுள் ஏறிப் பஞ்சர். ஒட்டி நாலு நாளில் மறுபடியும் அதே இடத்தில் காற்று இறங்குகிறது. கடைக்காரர் டியூபே மாற்ற வேண்டும் என்கிறார். உண்மையா?
– வாசகர், மானூர்

பதில்: பெரும்பாலும் டியூபில் குற்றம் இல்லை. முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. காற்றடித்ததும் டியூப் அதன்மேல் அமர்ந்து, உருள உருளக் குத்து வாங்குகிறது. எத்தனை டியூப் மாற்றினாலும் இதே கதைதான்.

டியூபைக் கழற்றும்போதே எந்தப் பக்கம் வால்வு இருந்தது என்று டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். டியூபில் காற்றடித்து, தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். வால்விலிருந்து அந்த ஓட்டை எவ்வளவு தூரமோ, டயரிலும் கோட்டிலிருந்து அதே தூரத்தில் முள் இருக்கும். விரலை விட்டுத் தடவாதீர்கள், நகத்துக்குள் ஏறும். பஞ்சை உருட்டி டயரின் உட்பக்கம் மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். முள் நுனி இருக்கும் இடத்தில் பஞ்சு இழை சிக்கி நிற்கும். உள்ளிருந்து ஊசியால் வெளிப்பக்கமாகத் தள்ளி, நகவெட்டியால் பிடித்து இழுங்கள். ஒரு முள்ளோடு நிறுத்தாமல் டயர் முழுக்க ஒரு சுற்று பஞ்சை ஓட்டிவிடுங்கள். மூன்று நாலு கிடைத்தாலும் ஆச்சரியமில்லை.

ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். ஒட்டை விட அரை விரல் அகலம் கூடுதலாகத் தேயுங்கள். சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி, மூன்று முதல் ஐந்து நிமிடம் விட வேண்டும். இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் ஒட்டு வழுகிக்கொண்டே இருக்கும், வெயிலில் டியூப் சூடானதும் ஓரம் தூக்கும். விரலால் தொட்டால் பிசுபிசுப்பு மட்டும் தெரிய வேண்டும், விரலில் வரக் கூடாது. பிறகு ஒட்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். மேலே முகப்பவுடரோ திருநீறோ தூவிவிட்டால் டயரோடு ஒட்டாது. நீளமான முள் டியூபின் மறுபக்கத்தையும் துளைத்திருக்கலாம், அதையும் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறலாக இருந்தால் அது முள் அல்ல. காற்று குறைவாக வைத்துக் கல்லில் ஏற்றியதால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கியது. டயர் ஓரத்தில் காற்றழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ. என்று அச்சடித்திருப்பார்கள், அதைப் பார்த்து அடியுங்கள்.

டயரைக் கட்டைவிரலாலேயே ஏற்றுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் புது ஓட்டை நீங்களே போட்டதாகும்.

ஓட்டையே இல்லை, ஆனால் ராத்திரி வைத்துக் காலையில் பார்த்தால் காற்றில்லை என்றால் வால்வில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால், வால்வுக் குச்சியின் மேல் இருக்கும் சின்ன ரப்பர் வால்டியூப் மட்கிவிட்டது. அதை மாற்றினால் தீர்ந்தது. டியூப் மாற்றும் செலவில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது.

கேள்வி: சாரல் சமயத்தில் ஆலங்குளத்திலிருந்து குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு சைக்கிளில் போகலாமா? ரோடு மேடில்லைதானே?
– வாசகர், ஆலங்குளம்

பதில்: ரோடு மேடில்லை, காற்றுதான் மேடு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று உங்கள் முகத்துக்கு நேரே அடிக்கும். நீங்கள் 12 கி.மீ. வேகத்தில் போக, எதிர்க்காற்று 25 கி.மீ. அடித்தால், நெஞ்சில் 37 கி.மீ. காற்றாக மோதும். சமதளத்திலேயே மலை ஏறுகிற பாடு. அந்தச் சாலையில் பேருந்தும் லாரியும் வேறு. குடும்பத்தோடு வேண்டாம்.

காற்றுக் காலத்தில் ஓட்டியே தீர வேண்டுமென்றால் ஊரைச் சுற்றியுள்ள குளத்தங்கரைகளில், விடியலில் முதலில் மேற்கே போய்விட்டு, காற்று வலுக்கும் ஒன்பது மணிக்கு அதை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே திரும்புங்கள். மாற்றிச் செய்தவர்கள் தள்ளிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

கேள்வி: கியர் சைக்கிள் வாங்கினேன். எந்த எண்ணில் வைப்பது என்றே புரியவில்லை.
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: இடக்கைப் பக்கம் 2-இல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். வலக்கையை மட்டும் 3, 4, 5-க்குள் மாற்றுங்கள். மிதித்துக்கொண்டே, ஆனால் அழுத்தாமல் மாற்ற வேண்டும். நின்றுகொண்டு மாற்றினால் செயின் நழுவும். நிற்கப்போகிறோம் என்று தெரிந்தால் முன்கூட்டியே வலக்கையை 2-க்கு இறக்கிக்கொள்ளுங்கள், மறுபடி கிளம்பும்போது முட்டி வாழ்த்தும்.

கேள்வி: மன்னார் வளைகுடாவில் இருபத்தொரு தீவு இருக்கிறதே, ஏதாவது ஒன்றில் படகில் சைக்கிளை ஏற்றிப்போய் ஓட்ட முடியாதா? இல்லாவிட்டால் பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள்?
– வாசகர், திசையன்விளை

பதில்: இரண்டும் வேண்டாம். அந்த 21 தீவுகளும் 1986-இல் அறிவித்த கடல் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அனுமதியில்லாமல் ஆள் இறங்கவே முடியாத இடத்தில் சைக்கிளுக்கு எங்கே இடம்? பாபநாசத்துக்கு மேலே களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வனத்துறைச் சோதனைச்சாவடி தாண்டினால் யானைக்கும் சிறுத்தைக்கும் முன்னுரிமை. சாவடிக்குக் கீழே, பாபநாசம் படித்துறையிலிருந்து அம்பாசமுத்திரம் நோக்கி விடியலில் ஓட்டுங்கள். ஆறு போகும் திசையிலேயே போவதால் மிதிப்பது கொஞ்சம் லேசாக இருக்கும். திரும்பி வரும்போது அதே இறக்கம் ஏற்றமாக இருக்கும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.